10ஆம் நம்பர் ஊசி தந்த தொல்லை

குன்னூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு டிசம்பர் பனிக்கு முன் கம்பளிச் சால்வை பின்னிக் கொடுக்க ஆசை. வீடியோவில் சொன்னபடி 10ஆம் நம்பர் ஊசி வாங்கி, கடையில் கிடைத்த மெல்லிய உல்லன் நூலில் நன்றாக இறுக்கியே பின்னினாராம். இரண்டு வாரத்தில் நாலு விரல் அகலம்தான் வந்திருக்கிறது, அதுவும் அட்டை மாதிரி விறைப்பாக, ஓரமெல்லாம் சுருண்டுகொண்டு. கண்ணி, அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையம், 60இல் ஆரம்பித்தது 67 ஆகிவிட்டது. எங்கே தப்பு என்று கேட்கிறார்.

முதல் தப்பு உங்களுடையது இல்லை. ஊசி நம்பரில் இரண்டு கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் 10 என்றால் 6 மி.மீ. தடிமன். நம் கடைகளில் பெரும்பாலும் புழங்குவது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், 10 என்றால் வெறும் 3.25 மி.மீ. வீடியோக்காரர் சொன்னது ஒன்று, கடைக்காரர் கொடுத்தது அதில் ஏறக்குறைய பாதி. இனிமேல் நம்பரையே கேட்காதீர்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள். சால்வைக்கு 5.5 அல்லது 6 மி.மீ. வேண்டும், கடைக்காரருக்கு நம்பர்தான் புரியும் என்றால் 5 அல்லது 4 என்று சொல்லுங்கள். முடிந்தால் மூங்கில் ஊசியாக வாங்குங்கள், உலோக ஊசியில் கண்ணி வழுக்கிக்கொண்டே போகும், புதிதாகப் பழகும் கைக்கு அது பெரிய இம்சை. இரண்டு ஊசியையும் வயர் இணைக்கும் வட்ட ஊசி, 80 செ.மீ. நீளத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது, சால்வையின் கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும்.

அடுத்தது இறுக்கம். இறுக்கிப் பின்னினால் குளிர் உள்ளே வராது என்று நிறைய பேர் நம்புகிறார்கள், இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது: சூடு நூலில் மட்டும் இல்லை, நூலுக்கு நடுவே அடைபட்டு நிற்கிற காற்றில்தான் பெரும்பகுதி இருக்கிறது. புதுப் பஞ்சு மெத்தைக்கும் பல வருஷம் படுத்து அமுங்கிப்போன மெத்தைக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். தடித்த ஊசியில் தளர்வாகப் பின்னினால் துணி உப்பலாக நிற்கும், எடையும் குறைவு. வயதானவர்கள் தோளில் கனமான சால்வை நிற்காது, பத்து நிமிஷத்தில் எடுத்து நாற்காலியில் போட்டுவிடுவார்கள்.

நூல் வாங்கும்போது ஒரு விஷயம். உல்லன் என்று விற்பதில் நிறைய அக்ரிலிக்தான். சின்னத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள், முடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி, உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் அக்ரிலிக். அம்மாவுக்கு என்றால் நான் கம்பளி, இல்லாவிட்டால் கம்பளி கலந்த நூல்தான் வாங்குவேன், ஏனென்றால் மலையில் ஈரக்காற்றில் லேசாக நமுத்தாலும் கம்பளி கதகதப்பை விடாது. நூல் குத்துகிறதா என்று உள்ளங்கையில் பார்க்காமல் கழுத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிய மெல்லிய நூலைத் தூக்கிப் போட வேண்டாம், இரண்டு மூன்று இழை சேர்த்துப் பிடித்தால் அதுவே தடித்த நூல்தான்.

ஓரம் சுருளக் காரணம், ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (மறுபுறப் பின்னல்) என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பீர்கள். அந்தப் பின்னலின் குணமே சுருள்வதுதான். பர்லை மறந்துவிடுங்கள். எல்லா வரிசையும் நிட் மட்டும் போட்டால் அது கார்ட்டர் பின்னல், சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், உப்பலும் அதிகம்.

கண்ணி கூடுவது அநேகமாக ஓரத்தில்தான். புது வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலே ஏறிப் பின்னால் போனால் முதல் கண்ணியின் இரண்டு காலும் விரிந்து இரண்டு கண்ணி போலத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம். நூலை முன்பக்கம் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடி வழியாகப் பின்னால் கொண்டுபோய்த் தொடங்குங்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள். அப்புறம் ஒவ்வொரு சாணுக்கும், ஊசியில் இருக்கிற கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிடுங்கள், தப்பு வந்தால் அதுவரை பிரித்தால் போதும், அழ வேண்டியதில்லை.

சரி, கணக்கு. முதலில் 20 கண்ணியில் உள்ளங்கை அளவு ஒரு மாதிரி பின்னி, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 14 வந்தால், 50 செ.மீ. அகலத்துக்கு 70 கண்ணி. நீளம் 170 செ.மீ. போதும், சுமார் 480 வரிசை வரும். அதாவது முப்பத்து நாலாயிரம் கண்ணிக்குக் கொஞ்சம் குறைவு. நிமிஷத்துக்கு 20 போட்டால் 28 மணி நேரம், தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம். நூல் 400 கிராம் பிடிக்கும், ஆனால் 500 வாங்குங்கள், லேபிளில் சாய எண் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கட்டும், பிறகு போய் வாங்கினால் அதே நிறம் அமையாது. கண்ணி ஏற்றும்போதும் கடைசியில் மூடும்போதும் கை தளர்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு முனையும் சுருங்கி நடு மட்டும் பிதுங்கும்.

கம்பளியைத் துவைப்பது பச்சைத் தண்ணீரில், தேய்க்காமல். வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் இழைகள் பின்னிப் பிணைந்து சால்வை பாதியாகச் சுருங்கும். முறுக்காமல் துண்டில் சுருட்டி அமுக்கி, படுக்கப் போட்டுக் காயவையுங்கள், கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் இழுபட்டு நீண்டுவிடும். அக்ரிலிக் கலந்ததாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், ஒரே சூட்டில் உப்பல் செத்துத் துவண்டுவிடும். மிச்ச நூலில் நாலைந்து முழம் எடுத்துவையுங்கள், எங்காவது இழை அறுந்தால் அதே நூலில் தைக்கலாம்.