படகின் தேக்குச் சட்டங்கள்: கழற்றுவது முதல் வார்னிஷ் வரை – கேள்வி-பதில்

மழைக்கு முன் கரையேற்றிய பழைய மோட்டார் யாட்டுகளைப் பற்றி மும்பை, நவி மும்பை வாசகர்கள் கேட்டவை இவை. பெரும்பாலோர் வார்னிஷைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். சட்டத்துக்கு அடியில் தண்ணீர் போகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

முப்பது வருடப் பழைய ஃபைபர் யாட். பக்கச் சட்டத்தில் ஸ்க்ரூவே கண்ணில் படவில்லை. நெம்பி எடுக்கலாமா? (செம்பூர்)

வேண்டாம், சட்டம் உடைந்துவிடும். ஸ்க்ரூக்கள் மரத்தக்கைக்கு அடியில் இருக்கின்றன. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். 10, 12 மி.மீ. அகலத்தில் வட்டங்கள் தெரியும். தக்கையின் நடுவில் 3 மி.மீ. துளை போட்டு, பிட் உலோகத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். அந்தத் துளையில் ஒரு மர ஸ்க்ரூவை முடுக்கினால், அதன் முனை அடியிலுள்ள ஸ்க்ரூ தலையில் முட்டி, தக்கை மேலேறி வந்துவிடும். வராவிட்டால் சிறிய உளியால் நடுவிலிருந்து பிளந்து எடுங்கள். ஓரத்தில் உளி வைத்தால் துளையின் விளிம்பு சிதையும். புதுத் தக்கை இறுகி உட்காராது.

ஸ்க்ரூ தலையின் பள்ளத்தில் பழைய வார்னிஷ் அடைத்திருக்கும். கூர்க்கம்பியால் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தை முழுதாக நிரப்பும் ஸ்க்ரூடிரைவரையே பயன்படுத்துங்கள். அசையாவிட்டால் சால்டரிங் அயர்னின் முனையை ஒரு நிமிடம் தலையில் வைத்துச் சூடேற்றி, முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். பித்தளை ஸ்க்ரூ இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், உப்புநீரில் துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அதன் தலை முறியத்தான் செய்யும். சட்டம் வந்த பிறகு, நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகி எடுக்கலாம்.

எல்லா ஸ்க்ரூவும் வந்த பிறகும் சட்டம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அடியிலுள்ள சீலன்ட், அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசை, விடாது. ஒரே முனையில் தூக்கினால் ஸ்க்ரூ துளையில் பிளந்துபோகும். மெல்லிய பட்டிக் கத்திகளை ஒரு சாண் இடைவெளியில் செருகி, அவற்றுக்குப் பின்னால் மர ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்குங்கள். நடுவில் பிடித்துக்கொண்டால் கெட்டியான மீன்பிடி நரம்பை விட்டு இருபுறமும் இழுத்து அறுங்கள். பாலியூரிதேன் சீலன்டாக இருந்தால் ஹீட் கன் வேண்டும், ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் பொசுங்கும். கழற்றிய ஒவ்வொரு துண்டின் முதுகிலும் எண்ணும் திசையும் எழுதுங்கள். வளைந்த துண்டுகளை அதே வளைவில் கட்டி வையுங்கள். சும்மா சாய்த்து வைத்தால் நிமிர்ந்துவிடும்.

வார்னிஷைச் சுரண்டிய பிறகும் கருப்புத் திட்டுகள் போகவில்லை. (நெருல்)

உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே போனால் தேக்குதான் மெலியும். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 முதல் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து, துண்டு முழுவதும் பூசுங்கள். திட்டில் மட்டும் பூசினால் அந்த இடம் வெளிறித் தெரியும். இருபது நிமிடம் கழித்து நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். மிஞ்சும் படிகம் வார்னிஷைப் பிடிக்கவிடாது. தேய்க்கும்போது தூளாகி நுரையீரலுக்கும் கெடுதல். கையுறை, கண்ணாடி, முகமூடி கட்டாயம். ஸ்டீல் வுல் மட்டும் தொடாதீர்கள். அதன் துகள் மரத்தில் தங்கித் துருப்பிடித்துப் புதுக் கருப்பை உண்டாக்கும்.

மழைக்காலத்தில் படகு சும்மாதானே நிற்கிறது, அப்போதே வார்னிஷ் அடிக்கலாமா? (மாட்டுங்கா)

கழற்றுவது, சுரண்டுவது, தேய்ப்பது எல்லாம் கூரைக்கு அடியில் அப்போது நடக்கட்டும். வார்னிஷ் வேண்டாம், அந்த ஈரக்காற்றில் பூச்சு பால் போல் வெளுத்து மங்கிவிடும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். பனி காய்ந்த பிறகு காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள், அதுவும் நிழலில். நேர் வெயிலில் கொப்புளம் வரும்.

80, 120, 180, 220 எண் உப்புத்தாள் என்ற வரிசையில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, தேக்கின் எண்ணெய் மறுபடி கசிவதற்குள் முதல் பூச்சு விழ வேண்டும். முதல் பூச்சில் தின்னர் பாதி, இரண்டாவதில் கால், மூன்றாவதில் பத்து சதவீதம், பிறகு தின்னர் கலக்காமல். ஆறு பூச்சுக்குக் குறைந்தால் நம் வெயிலுக்கு நிற்காது. முதுகுப்புறத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் குறைந்தது இரண்டு பூச்சு கொடுங்கள். தண்ணீர் நுழைவது அங்கேதான், பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

திரும்பப் பொருத்தும்போது சிலிகான் போதாதா? ஸ்க்ரூ துளைகளும் தளர்ந்திருக்கின்றன. (தாராவி)

குளியலறைச் சிலிகான் வேண்டாம். அதன் படலம் போகவே போகாது. அடுத்த முறை வார்னிஷோ சீலன்டோ அந்த இடத்தில் ஒட்டாது. பாலிசல்ஃபைட் சீலன்ட் அல்லது பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடா நல்லது, பின்னொரு நாள் கழற்றவும் முடியும். தளர்ந்த துளையைச் சற்று அகலமாக்குங்கள். உள்ளே ஈரமான மரத்தூள் வந்தால் அடிப்பலகை உளுத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. காய்ந்திருந்தால் கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு புதுத்துளை போடுங்கள். துளை வாயைக் கவுன்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சாய்த்தால் ஜெல்கோட்டில் விரிசல் விழாது. அந்தக் குழியில் சீலன்ட் வளையம் போலத் தங்கிக்கொள்ளும்.

நாக்தேவி தெருவில் ஸ்க்ரூ வாங்கும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். பெட்டியில் ஏ4 என்றிருக்கும். காந்தம் வைத்துப் பார்த்து சாதாரண 304 ரகத்தைப் பிரித்தறிய முடியாது. சுற்றிலும் சீலன்ட் ஒரே சீராகப் பிதுங்கும்வரை முடுக்கினால் போதும், முழுதாகப் பிழிந்துவிடாதீர்கள்.

தக்கையை எபாக்ஸியில் ஒட்டாமல் வார்னிஷில் தோய்த்து, ரேகை சட்டத்தின் ரேகையோடு சேரும்படி தட்டுங்கள். காய்ந்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் தக்கையை உளியால் சீவும்போது, முதல் சீவலைச் சட்டத்துக்கு மேல் 2 மி.மீ. உயரத்தில் எடுத்துப் பாருங்கள். ரேகை கீழ்நோக்கிச் சரிந்தால் உளியை எதிர்ப்பக்கத்திலிருந்து வைக்க வேண்டும்.