எம்ஆர்சிபி ஸ்கேனுக்கு அன்னாசி ஜூஸ் எதுக்கு? – மருத்துவர் பதில்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. பித்தப்பை ஏற்கனவே எடுத்தாச்சு. இப்போ கண்ணு மஞ்சளா இருக்கு, பிலிருபின் (ரத்தத்துல மஞ்சள் காமாலை அளவு) 5.2, பித்தக்குழாய் 11 மிமீ வீங்கியிருக்காம். எம்ஆர்சிபி (பித்தக்குழாயைப் பாக்குற எம்ஆர்ஐ ஸ்கேன்) எழுதியிருக்காங்க. கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் 1.4, இறால் அலர்ஜி வேற. படம் தெளிவா தெரியப் போடுற கான்ட்ராஸ்ட் ஊசி போட்டா கிட்னி போயிடுமா? ஸ்கேன் சென்டர்ல அன்னாசி ஜூஸ் வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாங்க, விளையாடுறாங்களா?

பதில்: விளையாடலைங்க, நிஜம்தான். முதல்ல ஊசி பயத்தை விடுங்க, எம்ஆர்சிபிக்கு பெரும்பாலும் ஊசியே கிடையாது. தேங்கி நிக்கிற திரவம் மட்டும் பளிச்சுனு வெள்ளையா தெரியுற மாதிரி எம்ஆர்ஐல படம் எடுப்பாங்க, பித்தமே திரவம்தானே, அதனால குழாய் முழுக்க வெள்ளையா வரும், உள்ள கல்லு இருந்தா அந்த எடம் மட்டும் கருப்பா தெரியும். சிக்கல் என்னன்னா வயித்துல, சிறுகுடல் ஆரம்பத்துல இருக்கிற தண்ணியும் அதே மாதிரி வெள்ளையா மின்னும், பித்தக்குழாய் முடியுற எடம் சரியா அங்கதான் இருக்கு, கல்லு போய் சிக்குறதும் பல நேரம் அங்கதான். ஸ்கேனுக்கு முன்னாடி குடிக்கக் குடுக்குற அன்னாசி ஜூஸ்ல மாங்கனீஸ் இருக்கு, அது அந்தத் தண்ணியை படத்துல கருப்பாக்கிடும், குழாய் தனியா தெரியும். சர்க்கரை சேர்க்காததா வாங்குங்க. 4 மணி நேரமாவது வெறும் வயித்துல இருக்கச் சொல்வாங்க, அன்னைக்கு சுகர் மாத்திரை, இன்சுலின் எப்படின்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, சாப்பிடாம மாத்திரை மட்டும் போட்டா சுகர் இறங்கி மயக்கம் வந்துடும்.

ஒருவேளை ஊசி தேவைன்னு சொன்னாலும் அது காடோலினியம், சிடி ஸ்கேனுக்குப் போடுற அயோடின் மருந்து இல்ல. காடோலினியத்துல கிட்னிக்காக நாங்க ரொம்ப யோசிக்கிறது ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிற கணக்கு) 30க்கு கீழ போனாதான், அம்மாவுக்கு கணக்கு போட்டா 40க்கு மேல வருது. இறால் அலர்ஜி இறால்ல இருக்கிற புரதத்தால வர்றது, அயோடினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, இந்தக் கதையை யார் கிளப்பிவிட்டாங்களோ, தினம் ஒருத்தர் கேக்குறாங்க. ஆனா முன்னாடி எந்த ஊசிக்காவது அலர்ஜி வந்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க.

காடோலினியத்துலயே காடாக்ஸெட்டேட்னு ஒரு வகை ஊசி இருக்கு, பாதி மருந்து லிவர் வழியா பித்தத்துல இறங்கும், சுமார் 20 நிமிஷம் கழிச்சு படம் எடுப்பாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் பித்தம் எங்கயாவது கசியுதான்னு பாக்க நல்லது. ஆனா பிலிருபின் 3ஐத் தாண்டினாலே லிவர் அதை சரியா இழுக்காது, அம்மாவுக்கு 5.2ல அதைப் போட்டு பெருசா பிரயோஜனம் இருக்காது.

"நேரா ஈஆர்சிபி பண்ணிடலாமே"ன்னு உறவுக்காரங்க சொல்வாங்க. அதுல வாய் வழியா குழாய் விட்டு பித்தக்குழாய்க்குள்ளயே அயோடின் மருந்தை செலுத்தி எக்ஸ்ரேல பாப்பாங்க, கல்லையும் எடுத்துடலாம். ஆனா 100 பேர்ல 3லேர்ந்து 10 பேருக்கு கணையம் வீங்குது, அதனால வெறுமனே பாக்குறதுக்காக இப்போ யாரும் அதைப் பண்றதில்ல, எம்ஆர்சிபில கல்லு உறுதியானா எடுக்குறதுக்குப் பண்ணுவாங்க. எம்ஆர்சிபிலயும் 3 மிமீ மாதிரி பொடிக்கல்லு தப்பிப் போகலாம், அப்போ எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டு (வாய் வழியா குழாய் விட்டு உள்ளேர்ந்து எடுக்குற ஸ்கேன்) கேப்பாங்க.

பித்தப்பை எடுத்தவங்களுக்கு குழாய் கொஞ்சம் பெருசா இருக்கிறது சகஜம்தான், ஆனா 11 மிமீயும் மஞ்சளும் சேர்ந்து வந்தா தள்ளிப்போடக் கூடாது. கீழாநெல்லி குடுத்துப் பாப்போம்னு ஒரு வாரம் ஓட்டாதீங்க, அடைப்பு அதுல கரையாது. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, பித்தக்குழாய்ல கிருமி ஏறியிருக்கலாம்.

ஸ்கேனுக்குப் போகும்போது தாலிச்செயின், மெட்டி, ஹேர்பின் எல்லாம் கழட்டணும், பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துட்டுப் போங்க.