தொடக்கப் பள்ளிக்கு நூலகம் எதற்கு? பாடப்புத்தகம் போதாதா?

போதாது. தொடக்கப் பள்ளி நூலகம் என்றதும் தனிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். வகுப்பு மூலையில் கயிறு கட்டி, துணி காயப்போடுவது போல மெல்லிய கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தாலும் அது நூலகம்தான். பிள்ளை தானே எடுத்துப் புரட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை 'த... வ... ளை' என்று முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். நிறையப் படித்துப் பழகினால் சொல்லைப் பார்த்ததுமே வாய் சொல்லிவிடும். அப்புறம்தான் மனம் கதைக்குள் போகும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் இது வராது. நாலாவது தடவை பிள்ளை படிக்கவில்லை, ஒப்பிக்கிறது.

புத்தகம் பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கு ஏற்ற அளவில் இருப்பதும் முக்கியம். அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவர்களுக்குத் தெரியும், கால் எட்டாத வண்டியில் விழுந்து எழுவதே வேலையாக இருக்கும். தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலைகளாகப் பிரித்திருப்பது இதற்காகத்தான். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்றும் இதுதான்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். முதல் விதி இன்னும் சுருக்கம்: நூல்கள் பயன்பாட்டுக்கே. கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைப்பவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

"படம்தான் பார்க்கிறான், படிக்கவில்லை" என்று சிலர் குறைப்படுவார்கள். படத்தைப் பார்த்து அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பதும் ஆறு வயதில் வாசிப்புதான்.