நாப்பத்தொண்ணாம் நாளும் குடிச்சிட்டுத்தான் வந்தாரு

கேள்வி: அக்கா, திருமங்கலம் பக்கம் இருக்கேன், பேரு போட்ராதீங்க. வீட்டுக்காரரு கப்பலூர்ல லேத்துப் பட்டறையில வேல பாக்குறாரு, சனிக்கெழம சம்பளம் கைக்கு வந்தா நேரா கடைதான். ரெண்டு தடவ கை நீட்டிட்டாரு. போன லெந்து தவக்காலத்துல சர்ச்சு பெண்கள் கூட்டத்துல 'ஃபயர்ப்ரூஃப்'னு ஒரு இங்கிலீஷ் படம் போட்டு தமிழ்ல வெளக்கம் சொன்னாங்க, பிரியப்போன புருசன் பொண்டாட்டி நாப்பது நாள்ல சேந்துருவாங்க. முடிஞ்சதும் நாப்பது கட்டம் போட்ட தாள் எல்லாருக்கும் குடுத்தாங்க, தெனம் புருசனுக்கு ஒரு நல்லது செஞ்சு டிக் அடிக்கணும். நானும் செஞ்சேன், எதுத்துப் பேசல, சீட்டுக் காசுல கறிதோச பார்சல் வாங்கி வச்சேன், அழுது ஜெபம் பண்ணேன். நாப்பத்தொண்ணாம் நாள் குடிச்சிட்டு வந்து தட்டத் தள்ளி விட்டாரு. ஏழாவது படிக்கிற மக சோத்த அள்ளிக்கிட்டே "மறுபடி ஒண்ணுலருந்தாம்மா?"ன்னு கேட்டா. கூட்டத்துல சொன்னா ஒன் விசுவாசத்துல எங்கயோ ஓட்ட இருக்குங்குறாங்க. நான் மறுபடி ஆரம்பிக்கணுமா?

பதில்: வேணாம் தங்கச்சி. மிச்சத்த பைய பேசுவோம்.

ஒன் லெட்டர் வந்த அன்னைக்கி ராத்திரியே அந்தப் படத்த திரும்பப் போட்டுப் பாத்தேன். 2008ல வந்தது, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம் ஆல்பனிங்குற ஊர்ல ஒரு பாப்டிஸ்ட் சபைக்காரங்க எடுத்தது, நெறையா வேலைய சபை ஆளுங்களே சம்பளமில்லாம இழுத்துப் போட்டு செஞ்சு சுமார் அஞ்சு லட்சம் டாலர்ல முடிச்சாங்க, வசூலு மூணு கோடி டாலரத் தாண்டிருச்சு. ஹீரோவா வர்ற கிர்க் கேமரன் அடுத்த பொம்பளைக்கி முத்தம் குடுக்க மாட்டேன்னு சொல்லி, அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் தன் நெஜ பொண்டாட்டிய நிறுத்தி வெளிச்சத்தக் கொறச்சு எடுத்தாங்களாம், அம்புட்டு கறார். நான் படத்தக் கொற சொல்ல வரல, எனக்கும் ரெண்டு எடத்துல கண்ணு கலங்கிருச்சு. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அதுல நாப்பது நாள் இருக்குறது யாரு?

புருசன்தான! ஃபயர் சர்வீஸ்ல கேப்டன், ஊருக்கெல்லாம் நல்லவன், வீட்ல பொண்டாட்டி மூஞ்சிக்கி நேரா நின்னு கத்துவான், கம்ப்யூட்டர்ல கண்ட கண்றாவியும் பாப்பான், படகு வாங்கணும்னு 24,000 டாலர் சேத்து வச்சிருப்பான், மாமியாருக்கு பெட்டும் வீல்சேரும் இல்லாம அந்தப் பொண்ணு தவிக்கிறது அவன் கண்ணுல படாது. அவனுக்குத்தான் அவங்கப்பா, நாப்பது நாளும் தெனம் பொண்டாட்டிக்கு என்ன செய்யணும்னு கைப்பட எழுதுன ஒரு நோட்ட அனுப்பி வைக்கிறாரு. தப்பு யார்ட்ட இருந்துச்சோ அவன் கையிலதான் நோட்டு போச்சு. அது அங்கிட்டருந்து நம்ம ஊரு சர்ச்சுக்கு வந்து சேர்றதுக்குள்ள எப்புடி பொண்டாட்டி கைக்கு மாறுச்சுன்னுதான் எனக்கு வெளங்கல.

"கடைசில அந்த அப்பாவுக்கே அத மொதல்ல செஞ்சது அம்மாதான்னு வருதே"ன்னு கூட்டத்துல மடக்குவாங்க. வருதுதான். ஆனா அந்தம்மாவ அவரு அடிச்சாருன்னு படத்துல ஒரு எடத்துலயும் இல்ல. இன்னொரு சீன், கூட வேல பாக்குற ஃப்ரெண்டு உப்பு டப்பாவையும் மொளகு டப்பாவையும் பசை போட்டு ஒட்டிட்டு, இப்ப பிரிச்சா ஏதாச்சும் ஒண்ணு ஒடையும், அதான் கல்யாணம்பான். பாக்க நல்லாத்தான் இருக்கு. ஒட்டுனதுல ஒண்ணு இன்னொண்ண தெனம் இடிச்சுக்கிட்டே இருந்தா என்ன செய்யன்னு அங்க யாரும் கேக்கல.

இன்னும் ஒண்ணு கவனிச்சியா, அந்தப் பொண்ணு லேசுல ஏமாறல. அவன் இருக்குறதுலயே சீப்பான பூவ வாங்கி வைக்கிறான், மதிக்கல. மெழுகுவத்தி ஏத்தி சாப்பாடு போடுறான், ஒம்மேல எனக்கு அன்பு இல்லன்னு மூஞ்சிக்கி நேரா சொல்லிருது, டைவர்ஸ் பேப்பர் வரைக்கும் போயிருது. அது மனசு எப்பத் திரும்புதுன்னா, அம்மாவோட பெட்டுக்கும் வீல்சேருக்கும் காசு கட்டுனது வேற ஆளு இல்ல, இவந்தான், அதுவும் படகுக்கு வச்சிருந்த காசுன்னு கடையில போய் தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறந்தான். ஒன் வீட்டுக்காரரு மாறுறாரான்னு பாக்கணும்னா நீயும் அங்கயே பாரு, சனிக்கெழமச் சம்பளக் கவரு எங்க பிரியுதுன்னு.

விசுவாசத்துல ஓட்டன்னு சொன்னாங்கள்ல, அவுங்கள பைபிள்ல யோபு புத்தகத்த எடுக்கச் சொல்லு. எல்லாத்தையும் எழந்து கெடந்த யோபுகிட்ட மூணு சிநேகிதருங்க வந்து ஏழு நாள் வாயே தொறக்காம தரையில உக்காந்தாங்க, அது வரைக்கும் நல்லவங்க, வாயத் தொறந்தாங்க, நீ ஏதோ தப்பு பண்ணிருக்கன்னு ஆரம்பிச்சாங்க, கடைசி அதிகாரத்துல ஆண்டவரு கோவப்பட்டது யோபு மேல இல்ல, அவுங்க மேல. அப்போஸ்தலன் பவுல் மூணு தடவ வேண்டியும், ஒடம்புல முள்ளுன்னு அவரு சொன்ன வேதன போகலையே, அவருக்கு விசுவாசம் பத்தலன்னு எந்த சர்ச்சுலயாச்சும் பிரசங்கம் கேட்ருக்கியா?

இப்ப வீட்டு வேல. குடி ஒரு நோயி, கறிதோச வாங்கிக் குடுத்து அது தீராது. அவரு விடுறேன்னு சொன்னா, பல வருசமா தெனம் குடிச்ச ஒடம்புன்னா டாக்டர் இல்லாம பொசுக்குன்னு நிப்பாட்ட வேணாம், ரெண்டு மூணு நாள்ல கை நடுக்கம், வலிப்பு, என்னென்னமோ தெரியிற மாதிரி பொலம்புறது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாயிரும். பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போ.

கை நீட்டுறது தனிக் கணக்கு. அதுல பொறுமங்குற பேச்சே வேணாம். 181க்கு போன் போடு, பெண்களுக்கான நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க, காசு கெடையாது. அந்த நேரத்துல அடி விழுந்துக்கிட்டு இருந்தா 112. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர்கிட்ட மனு குடுக்கலாம், அதுக்கு டைவர்ஸ் கேக்கணும்னு அவசியமே இல்ல, அடிக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டு அதே வீட்லயே இருக்க ஒனக்கு உரிமை உண்டு, வீடு அவரு பேர்ல இருந்தாலும் சரி. அம்மா வீட்லயோ யார்ட்டயோ ஒரு பையில துணி, ஆதாரு, புள்ளைங்க சர்ட்டிபிகேட்டு, கொஞ்சம் காசு குடுத்து வையி. போறதுக்குன்னு இல்ல, இருக்கட்டும்.

மகட்ட சொல்லிரு, ஒண்ணுலருந்து இல்லடான்னு. ஜெபத்த விட்ராத, அது வேற. ஆனா அந்த நாப்பது கட்டத் தாள் இன்னும் வீட்லதான கெடக்கும், வர்ற ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் பாஸ்டர் சம்சாரம் ஐயரம்மாகிட்டயே திருப்பிக் குடுத்து, இத ஜெராக்ஸ் எடுத்து ஆம்பளைங்க கூட்டத்துலயும் குடுங்கன்னு சொல்லு. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது.