ஜோனா லோமுவும் 11ஆம் எண் சட்டையும்: கேளுங்கள், சொல்கிறேன்

ரக்பி விங்கர் வேலை பற்றியும், குறிப்பாக நியூசிலாந்தின் லோமு பற்றியும் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: இரண்டு நிமிட வீடியோத் துண்டைப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பு எழுதாதீர்கள்.

சுண்டல்: விங்கர்னா என்ன வேலை அண்ணே? ஓரமா நின்னு ஓடுறதா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். 11 இடது ஓரம், 14 வலது ஓரம். பந்து கைக்கு வந்தால் ஓட வேண்டும், சரி. ஆனால் ஆட்டத்தில் பெரும்பகுதி பந்து இல்லாமல்தான் போகும். எதிரணி உதைத்தால் பின்னால் ஓடிப்போய் உயரப் பந்தைப் பிடிக்க வேண்டும், கையால் கடத்தினால் முன்னால் வந்து வரிசையில் நின்று மடக்க வேண்டும், இரண்டில் எது நடக்கும் என்று அரை நொடியில் தீர்மானிக்க வேண்டும். தப்பாகத் தீர்மானித்தால் நமக்குப் பின்னால் 40 மீட்டர் மைதானம் காலியாகக் கிடக்கும்.

லோமுவே அப்படி மாட்டியவர்தான். 1994இல் 19 வயதில் பிரான்சுக்கு எதிராக இரண்டு டெஸ்ட் (ரக்பியில் நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்), இரண்டிலும் தோல்வி. அதுவரை ஃபார்வர்டாக, அதாவது முன்வரிசையில் முட்டி மோதும் ஆட்டக்காரராக, ஆடிப் பழகிய பையன். எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறினார். அதன்பின் அணியிலிருந்து தூக்கினார்கள்.

தராசு: 1.96 மீட்டர் உயரம், 120 கிலோ ஆளை ஓடவிட்டா யார் வேணா இடிச்சுத் தள்ளுவான். இதுல திறமை எங்க இருக்கு?

வந்துவிட்டார். 1995 உலகக் கோப்பை அரையிறுதி, கேப்டவுன், இங்கிலாந்துக்கு எதிராக முதல் ட்ரையை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது) பாருங்கள். அவருக்கு வந்த பாஸ் நல்ல பாஸே இல்லை, தாண்டிப் போய்விட்டது. எதிரிக்கு முதுகைக் காட்டியபடி பந்தை எடுத்துத் திரும்புகிறார். டோனி அண்டர்வுட்டை வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகிறார், இடிக்கவில்லை. கார்லிங் பின்னாலிருந்து காலைத் தட்ட, தடுமாறிக் கிட்டத்தட்ட விழப்போகிறார். அந்தத் தடுமாற்றத்தோடுதான் மைக் கேட் மேல் ஏறிப் போனார். எல்லோரும் பார்ப்பது அந்தக் கடைசி இடியை மட்டும். அதற்கு முன் நடந்ததுதான் விங்கர் வேலை. அன்றைக்கு 4 ட்ரை, 45-29.

தராசு: அப்ப இறுதிப் போட்டியில ஏன் ஒண்ணும் நடக்கல?

நல்ல கேள்வி, எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்கர்கள் அவர் வேகம் பிடிக்கும் முன்பே மேலே வந்தார்கள். ஜேம்ஸ் ஸ்மால் எதிரே நின்றார் என்றாலும் ஒருவரை நம்பி விடவில்லை, உள்ளேயிருந்து அடுத்த ஆள், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஃபார்வர்டுகளிடமிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹெய்சன் அவரைத் தனியாகவே கீழே சாய்த்தார். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் லோமு வேறு ஆள், 20 மீட்டர் ஓடி வந்த லோமு வேறு ஆள். கூடுதல் நேரத்தில் 15-12 என்று நியூசிலாந்து தோற்றது.

மைலாப்பூர் மாமி: அந்த இறுதிக்கு முன்னாடி சாப்பாட்டுல ஏதோ கலந்துட்டாங்களாமே?

நியூசிலாந்து வீரர்கள் பலருக்கு வயிறு கெட்டது உண்மை. வேண்டுமென்றே செய்தார்கள் என்று அவர்கள் பயிற்சியாளர் லாரி மெயின்ஸ் சொன்னார், நிரூபணம் ஆகவில்லை. அவ்வளவுதான்.

கரிகாலன்77: தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா அவர் டெஸ்ட்ல ட்ரையே அடிக்கலையாமே, ஏன்?

ஆமாம், ஒன்றுகூட இல்லை. காரணம் மேலே தராசுக்குச் சொன்னது.

பவித்ரா: சிறுநீரக நோயோடயே ஆடினாரா?

ஆமாம். நெஃப்ராடிக் சிண்ட்ரோம். அந்த 1995 கோப்பைக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். ரக்பி தொழில்முறை ஆட்டமானதும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். பணம் வரத் தொடங்கிய நேரமும் உடம்பு கைவிடத் தொடங்கிய நேரமும் ஒன்றாக வந்தன. அப்படியும் 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) தங்கம், 1999 உலகக் கோப்பையில் 8 ட்ரை. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக இரண்டு அடித்தும் அணி 43-31 என்று தோற்றது. 2002இல் கடைசி டெஸ்ட், அப்போது வயது 27தான். மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை. அடுத்த ஆண்டு டயாலிசிஸ், 2004இல் மாற்றுச் சிறுநீரகம்; வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரியாமா கொடுத்தது. அதை உடம்பில் வைத்துக்கொண்டு வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்குத் தொழில்முறையாக ஆடப் போனார்! 2015 நவம்பரில் 40 வயதில் போய்விட்டார்.

பவித்ரா: எங்க அப்பாவுக்கும் டயாலிசிஸ். அவர் ஓடலாமா?

அம்மா, இதை என்னிடம் கேட்காதீர்கள். அவரைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.

ரமேஷ்_கோவை: ஹபானாவா லோமுவா?

ஹபானா தென்னாப்பிரிக்க விங்கர். உலகக் கோப்பையில் இருவருக்கும் 15 ட்ரை. லோமு அதை எடுத்தது இரண்டு தொடர்களில், ஹபானா மூன்றில். ஆனால் கோப்பையைத் தூக்கியது ஹபானாதான். நான் லோமு பக்கம்.

புதுசு: என் பையன் குள்ளம். விங்கரா வரமுடியுமா?

ஷேன் வில்லியம்ஸ் 1.70 மீட்டர். வேல்ஸுக்கு 58 ட்ரை. முதலில் பையனுக்கு உயரப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், ஓட்டம் அப்புறம்.

வேலன்: சார், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா ஏன் ட்ரை இல்ல?

மேலே. மேலே. மேலே.

தராசு: அந்த முதல் ட்ரையை மறுபடி பார்த்தேன். அண்டர்வுட் நின்ன இடமே தப்பு.

அண்டர்வுட் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள், இது பேசவேண்டிய விஷயம். மற்றவர்கள் நாளைக்கு வாருங்கள்.