100 வாங்கினால் 11 தான் வருகிறதா? இணைய வேகம் கேள்வி பதில்

சேலத்தில் வீடுவீடாக ஃபைபர் (ஒளி போகும் கண்ணாடி இழை) இணைய இணைப்பு கொடுத்துவரும் ஒருவர், வேகக் கணக்கு பற்றிச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அஸ்தம்பட்டி: அண்ணே, 100 எம்பி பிளான் போட்டேன். டவுன்லோடு செய்தால் 11 தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. பிளானில் இருப்பது வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. டவுன்லோடு பெட்டி காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. மீதி எங்கே என்றால், தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் முகவரி, சரிபார்ப்பு எண் என்று ஒட்டியாக வேண்டும். ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் ஈதர்நெட் கேபிளில் 1538 பைட் இடத்தை அடைக்கும் பொட்டலத்தில் உங்கள் சரக்கு 1460 பைட்தான். ஆக, உச்சமே 11.8 போலத்தான் வரும். உங்கள் லைன் நன்றாக இருக்கிறது. இனி ‘எம்பி’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். பிட்டா, பைட்டா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை: கல்யாண வீடியோ 40 ஜிபி. அதே 100 பிளானில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

40 ஜிகாபைட் என்றால் 3,20,000 மெகாபிட். 100-ஆல் வகுத்தால் 3200 வினாடி. பொட்டலச் செலவும் சேர்த்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் அனுப்புபவர், இறக்குபவர் இல்லை. பிளானில் அப்லோடு எவ்வளவு என்று பாருங்கள். 20 தான் என்றால் நாலரை மணி நேரம் தாண்டும்.

ஏற்காடு: நாங்கள் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். லைன் மலை ஏறி, 20 கொண்டை ஊசி வளைவு சுற்றி வருவதால் வேகம் குறையுமா?

அருமையான கேள்வி. குறையாது. ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. சேலத்திலிருந்து உங்கள் ஊர் 30 கிலோமீட்டர் என்றால், போய்த் திரும்ப 0.3 மில்லிவினாடி. மேடும் பள்ளமும் ஒளிக்கு ஒன்றுதான். அதுவும் தாமதக் கணக்கு; ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை அது தொடாது. ரோட்டு வளைவெல்லாம் கேபிளுக்குப் பெரிய வளைவு, பிரச்சினையே இல்லை. வரவேற்பறையில் ஆணியைச் சுற்றி இறுக்கி மடக்கியிருக்கிறீர்களா, அதைப் பாருங்கள். அந்த ஒரு மடிப்பில் ஒளி வெளியே கசிந்து, லைனே விட்டுவிட்டு வரும்.

சூரமங்கலம்: 200 பிளான். ஸ்பீடு டெஸ்டில் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

94-லேயே நிற்கிறதென்றால் வழியில் ஏதோ ஒன்று 100 மெகாபிட்தான் தாங்குகிறது; பொட்டலச் செலவு போக மிச்சம்தான் அந்த 94. பழைய ரவுட்டரின் போர்ட்டாக இருக்கலாம். அல்லது ஈதர்நெட் கேபிளின் 8 கம்பியில் ஏதாவது அறுந்திருக்கும். 4 கம்பியிலேயே 100 ஓடிவிடும், அதனால் வெளியே தெரியாது.

மெய்யனூர்: 50 பிளானில் 6 தான் வருகிறது.

அஸ்தம்பட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆத்தூர் (கல்லூரி ஆசிரியர்): உங்கள் கணக்கு தவறு. 1 மெகாபிட் என்பது 1024 கிலோபிட்.

சார், வேகத்தில் எப்போதும் 1000 தான். 1 ஜிகாபிட் லைன் என்றால் வினாடிக்கு 100 கோடி பிட். 1024 நினைவகச் சில்லுகளின் கணக்கு. அவை இரண்டின் அடுக்காக வளர்பவை. இந்தக் குழப்பம் தீரத்தான் 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குக் கிபி, மெபி என்று தனிப் பெயரே வைத்தது.

ஆத்தூர்: அப்படியென்றால் என் 1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் ஏன் 931 ஜிபி என்கிறது?

விண்டோஸ் மூன்று முறை 1024-ஆல் வகுத்துவிட்டு ஜிபி என்றே எழுதுகிறது. டிஸ்க் செய்பவர் 1000 கணக்கில் விற்கிறார்.

ஓமலூர்: அப்போ கடைக்காரன் எனக்கு 69 ஜிபி குறைத்துக் கொடுத்திருக்கிறான்!

ஒரு பைட்கூடக் குறையவில்லை. கடைக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள்.

ஆத்தூர்: பாடப்புத்தகத்தில் 1024 என்றுதான் இருக்கிறது.

அது நினைவகப் பாடம் சார். லைன் வேகத்துக்கு அதைக் கொண்டுவராதீர்கள். 1024 பற்றி இனி நான் பதில் எழுதப் போவதில்லை.

செவ்வாய்ப்பேட்டை: 30 பிளான், 3.5 வருகிறது. கம்பிளைன்ட் கொடுக்கலாமா?

8-ஆல் வகுத்தீர்களா?

கொண்டலாம்பட்டி: கேம் விளையாடும்போது இழுக்கிறது. 300 பிளானுக்கு மாறட்டுமா?

மாறாதீர்கள் தம்பி, காசு தண்டம். விளையாட்டுக்கு மெகாபிட் கொஞ்சம் போதும். பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், எத்தனை மில்லிவினாடி என்று பாருங்கள். முதலில் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போட்டு ஆடிப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.