ஃப்ரீசர் ஓடுது, ஐஸ் கட்டலை: உடனே கேஸ் போட்டுவிடலாமா?

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன்னால் வாங்கிய 250 லிட்டர் டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். பத்து நாளாக ஃப்ரீசரில் ஐஸ் கட்டவில்லை. கீழ்த் தட்டில் வைத்த பால் மறுநாளே திரிந்துவிடுகிறது. மோட்டார் மட்டும் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் இதே மாதிரி ஆனபோது மெக்கானிக் ஃப்ரிட்ஜைக் கடைக்கு எடுத்துப்போய் கேஸ் போட்டுக் கொடுத்தார். மூன்று வாரம் நன்றாக இருந்தது. இப்போது மறுபடி "கேஸ் போயிடுச்சு, நாலாயிரம் ஆகும்" என்கிறார். இன்னொருவர் பார்த்துவிட்டு கம்ப்ரஸரே போச்சு, ஒன்பதாயிரம் என்கிறார். யாரை நம்புவது? (வாசகி, ராஜபாளையம்)

பதில்: இப்போதைக்கு இரண்டு பேருக்கும் பணம் கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குப் பளிச்சென்று தெரிவது அந்த மூன்று வாரம்தான்.

ஃப்ரிட்ஜ் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆயுசு முழுக்கச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. அதனால் போன மாதம் வந்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "லீக் எங்கே இருந்தது, எங்கே அடைத்தீர்கள்?" பதில் இல்லையென்றால், கேஸ் குறைந்ததாகச் சொன்னதே எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு ஏன் மூன்று வாரம் கூலிங் வந்தது? லீக் இருந்தாலும் அப்படி நடக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனபோது ஒரு நாளாவது அது கரன்ட் இல்லாமல் கிடந்திருக்கும். அந்த நேரத்தில் உள்ளே உறைந்து கிடந்த பனி முழுக்கக் கரைந்திருக்கும். கூலிங் திரும்பியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கூலிங் காயில் இருக்கிறது. ஒரு சின்ன ஃபேன் அந்தக் காயில் வழியாகக் காற்றை இழுத்து ஃப்ரீசருக்கும் கீழ்த் தட்டுகளுக்கும் அனுப்புகிறது. காயிலில் பனி படியத்தான் செய்யும். அதைக் கரைக்க சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு ஹீட்டர் எரிய வேண்டும். கரைந்த தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கும் தட்டில் விழுந்து ஆவியாகிவிடும். அந்த ஹீட்டரோ, அதைக் கட்டுப்படுத்தும் பைமெட்டல் (சூட்டைப் பொறுத்து ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்), சென்சார், டைமர் இவற்றில் ஒன்றோ போய்விட்டால் பனி கரையாது. நாளுக்கு நாள் இறுகி, காற்று போக வழியே இல்லாமல் அடைத்துவிடும். முதலில் கீழ்ப்பக்கம் கூலிங் போகும், அப்புறம் ஃப்ரீசரும் இளகும். கம்ப்ரஸருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

என் தங்கை வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு தடவை கேஸ் போட்ட ஃப்ரிட்ஜ் அது. ஸ்க்ரூவைக் கழற்றி ஃப்ரீசரின் பின்பலகையை இழுத்தால் வரவில்லை. ஒரு வழியாக எடுத்தபோது காயில் என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியவில்லை, செங்கல் மாதிரி ஒரே வெள்ளைக் கட்டி. ஃபேன் இறக்கை ஐஸில் உரசி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மாற்றியது பைமெட்டல் ஒன்றை மட்டும்தான். இரண்டு தடவை கேஸுக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத சோதனை. பொருட்களை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து முழுசாக 24 மணி நேரம் விடுங்கள். கீழே பழைய துணி விரியுங்கள், தண்ணீர் நிறைய வரும். அவசரப்பட்டுக் கத்தியாலோ கரண்டியாலோ ஐஸைக் குத்தாதீர்கள். காயில் மெல்லிய அலுமினியக் குழாய்; ஒரு குத்து பட்டால் அன்றைக்கு உண்மையிலேயே கேஸ் போய்விடும். பிறகு போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். ஐஸ் கல்லாக உறைந்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி அதே கதை என்றால், பனி கரைக்கும் பகுதியைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கரைத்து விட்டும் ஐஸ் கட்டவே இல்லையா? அப்போது "மோட்டார் ஓடுது" என்பதைச் சரிபாருங்கள். கேட்கிற சத்தம் உள்ளே இருக்கும் ஃபேனுடையதாகவும் இருக்கலாம். பின்னால் கீழே கறுப்பாக, உருண்டையாக இருப்பதுதான் கம்ப்ரஸர். புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள் (நன்றாகவே சுடும், கவனம்). அதிர்வு இருக்க வேண்டும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை "டக்" என்று சத்தம் கேட்டு அடங்கினால், ஓவர்லோடு (கம்ப்ரஸரைக் காக்க கரன்ட்டை வெட்டும் சுவிட்ச்) அதை நிறுத்துகிறது. ரிலே (கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் சாமான்) போயிருக்கலாம், அல்லது வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். ரிலே சின்ன சாமான்தான். அதற்காகக் கம்ப்ரஸரை மாற்றச் சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கதவில் டிஸ்ப்ளே உள்ள சில மாடல்களில் ஷோரூமுக்கான டெமோ மோடும் உண்டு. குழந்தைகள் பட்டனை அழுத்தி அது ஆன் ஆகிவிட்டால் லைட் எரியும், கூலிங் மட்டும் வராது.

கம்ப்ரஸர் ஒழுங்காக ஓடியும் கூலிங் இல்லையென்றால் காயிலில் பனி படிந்திருக்கும் விதத்தை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். பின்பலகையைக் கழற்றுவது அவர் வேலை. பார்ப்பது உங்கள் உரிமை. காயில் முழுக்கச் சீராக மெல்லிய பனி இருந்தால் கேஸில் குறை இல்லை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி, மீதி வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு. பனியே இல்லாமல், ஃப்ரிட்ஜின் பக்கச் சுவர்களிலும் சூடு இல்லையென்றால் கேஸ் முழுக்கப் போயிருக்கலாம், கேபிலரி (கேஸ் போகும் மிக மெல்லிய குழாய்) அடைத்திருக்கலாம், கம்ப்ரஸர் பலவீனமாகவும் இருக்கலாம். இதை கேஜ் (கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தொட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள்.

கடைசியில் கேஸ் போட்டே ஆக வேண்டுமென்றால், பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ. அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். எத்தனை கிராம் என்று அதே ஸ்டிக்கரில் இருக்கும். சில பத்து கிராம்தான். எடைத் தராசு வைத்து அளந்து போட வேண்டும். அதற்கு முன் லீக்கை அடைத்து, ஃபில்டரைப் புதிதாக மாற்றி, வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்திருக்க வேண்டும். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கிறவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். லீக் இருந்த இடம், மாற்றிய சாமான், வேலைக்கு எத்தனை நாள் கேரண்டி என்பதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். போன மாத வேலைக்கு பில் இருந்தால் அதே ஆளிடம் மறுபடி இலவசமாகப் பார்க்கச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: கம்ப்ரஸருக்கு 10 வருட வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆறாவது வருடத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது. இப்போது கம்பெனி சர்வீஸில் கம்ப்ரஸர் மட்டும் இலவசம், கேஸ், ஃபில்டர், கூலி, வண்டி வாடகை என்று 5,200 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டில் மாவு அரைத்து விற்கிறேன். "வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் என்று புகார் கொடுக்க முடியாது" என்றும் சொல்கிறார்கள். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதல் விஷயத்தில் வாரண்டி அட்டையில் எழுதியிருப்பதுதான் பேசும். பல கம்பெனிகளின் அட்டையில், முதல் வருடத்துக்குப் பிறகு கம்ப்ரஸர் என்ற சாமானுக்கு மட்டும்தான் வாரண்டி, கேஸும் கூலியும் தனி என்று பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் அட்டையில் அப்படி இல்லையென்றால் அவர்கள் கேட்பது தவறு. இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை போட்ட எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதியுங்கள்.

இரண்டாவது விஷயத்தில் அவர்கள் சொல்வது சரியில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர் அந்தத் தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் ஆள் கொடுத்த ஜாப் ஷீட் மூன்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சடித்த பில் ஒன்றிரண்டு வருடத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும்.

கேள்வி: ஃப்ரீசர் நின்றுபோனதில் கறியும் மீனும் இளகிவிட்டன. திரும்ப உறைய வைக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: துண்டுகளுக்கு நடுவில் இன்னும் ஐஸ் துகள் தட்டுப்பட்டால் வைக்கலாம், ருசி மட்டும் கொஞ்சம் குறையும். முழுக்க இளகி, தொட்டால் குளிர்ச்சியும் இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். மீன் என்றால் யோசிக்கவே வேண்டாம். உருகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறைய வைக்கவே கூடாது. அடுத்த தடவை ஃப்ரீசர் நின்றால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் அதைவிடக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.